பழகச் சுகமானது

மல்லாவிச் சந்தியில் கடையைப் பூட்டின பிறகு
மூன்று விமானங்களைத் திரையில் திறந்து வைத்து
ஒரு கிழமையாய் யோசித்தேன்,
எதை வாங்குவது என்று.

முதலாவதற்குக் கைநூல் அறுநூறு பக்கம்.
பற்றரியில் தொடங்கி ஒவ்வொன்றாய் எழுப்ப வேண்டும்:
எண்ணெய்ப் பம்பி, காற்றமுக்கம், பிறகுதான் இடது எஞ்சின்.
அது கண்முழிக்க முக்கால் மணித்தியாலம்.
நானோ பகல் முழுக்க
லான்ட்மாஸ்டர் உதிரிப்பாகம் விற்கிறவன்.
கான்டிலைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றினால்
புகைவிட்டு எழும்பாத எதையும் எனக்கு நம்ப ஏலாது.

இரண்டாவது காசில்லாமல் வருவது.
ஆளிகள் எல்லாம் கீறின படம்.
அமத்தினால் அமராது,
கலியாண மண்டபத்துப் பிளாஸ்டிக் பழத்தட்டுப் போல.

மூன்றாவதில்
ஒரு பொத்தானுக்கு இரண்டு எஞ்சினும் எழும்பும்.
விலை நாலாயிரத்து எண்ணூறு.
வங்கியில் நிற்கும் டிலக்சனின் அட்டையில் எடுக்கலாம்,
அவன் மோட்டார்சைக்கிளுக்குக்
கடனாய்க் கொடுத்த செயின்செற் ஒன்று கணக்கில் கிடக்கிறது.

விற்கிறவர்கள் படம் காட்டினார்கள்,
மேகம், இறக்கை, வெயில் பட்ட மூக்கு.
நான் படம் பார்க்கவில்லை.
காதுக்கு மாட்டிக்கொண்டு
சத்தத்தை மட்டும் மாறி மாறிக் கேட்டேன்.

பதினொரு வயதில் எனக்கு
ஒரு பாடத்திலும் கெட்டித்தனம் இல்லை.
ஆனால் கிபிர் எது, மிக் எது,
உச்சியில் நின்று சுற்றுகிற வண்டு எது என்று
அண்ணாந்து பாராமலே சொல்வேன்.
ரீச்சரே என் முகத்தைப் பார்த்துத்தான்
பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்குவா.
அந்தக் காது இன்னும் கழன்று போகவில்லை.

முதலாவது தூரத்தில் திரும்புகையில் ஒரு கீச்சு.
முழங்கால் தன்பாட்டில் மடிந்தது.
கதிரை உருண்டு சுவரில் இடித்தது.
மூன்றாவது குளிர்பெட்டி மாதிரி முனகியது.
பழகச் சுகமானது என்றால்
வேறென்ன?

தயாளினி மருத்துவமாது.
தராசுப் பையை இறக்கி வைத்துவிட்டுப்
பக்கத்தில் இருந்து சரிபார்க்கும் பட்டியல் வாசிப்பாள்.
"முன் விளக்கு?"
"போட்டாச்சு."
"சில்லு?"
"மேல."
"கால் வீக்கம்?"
பிறகு தானே சிரித்தாள்.

கட்டுநாயக்காவில் எழும்பிப் பலாலிக்கு.
ஓமந்தை தாண்டினதும் கீழே
பச்சைக் கடதாசி ஒட்டின மாதிரி வன்னி.
ஒரு வீடில்லை.
செய்தவனுக்கு இங்கே ஆட்கள் இருப்பதை
ஒருவரும் சொல்லவில்லைப் போல.
இரணைமடு ஒரு நீலத்துண்டு.
வவுனிக்குளம் வரவேயில்லை.

பலாலியை விட்டுவிட்டு
குமிழைக் கிழக்கே திருப்பிப் பார்த்தேன்.
மல்லாவியிலிருந்து மாத்தளன் கடல் மட்டும்
நாலு நிமிடம்.
எங்களுக்கு ஒன்பது மாதம் எடுத்தது,
உழவு இயந்திரத்தில், பிறகு சைக்கிளில்,
பிறகு சைக்கிளும் இல்லாமல்.
நான் வாய் திறக்கவில்லை.
அவளும் மணிக்கூட்டைத்தான்
பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலாலியில் முதல்தரம் கடலுக்குள் இறக்கினேன்.
அடுத்ததரம் பனைகளுக்குள்.
மூன்றாந்தரம் இரண்டு துள்ளுத் துள்ளி,
முன்சில்லு புல்லில் ஏறி,
நின்றுவிட்டது.

"உள்ளுக்கு எத்தினை பேர்?"
"நூற்றி அறுபத்தெட்டு."
"எல்லாரும் இறங்கீட்டினமோ?"

கதவுப் பொத்தானைத் தேடினேன்.
சுகமான விமானத்துக்குக் கதவு
கீறித்தான் விட்டிருக்கிறார்கள்.
திறக்கிற கதவு முதலாவதில்.
அந்த அறுநூறு பக்கக்காரனில்.

"அப்ப அதையும் வாங்குங்கோ.
புத்தகம் நான் வாசிக்கிறன்.
சத்தத்தைக் குறைச்சு வைப்பம்."

அவளுக்கு நான்
கதிரை உருண்டதைச் சொல்லியிருக்கவில்லை.

டிலக்சனுக்கு
இன்னொரு செயின்செற் போகும்.