தோன்றா எழுவாய்

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் வாங்கினேன்,
மருதானையில், பழைய புத்தகக் கடையொன்றில்,
அட்டை போன படப்புத்தகம்.
நினிவே அரண்மனைச் சுவர்கள்.
ஈரத்தில் ஒட்டிக்கிடந்த பக்கங்களை
வெள்ளவத்தை வரும்வரை
பஸ்ஸிலேயே நகத்தால் பிரித்தேன்.

நாற்பத்தோராம் பக்கத்தில்
இரண்டு எழுதுநர்கள்,
தோளோடு தோள் உரச நிற்கிறார்கள்.
தாடிக்காரன் கையில் களிமண் பலகை.
ஆப்பெழுத்து, அரசனின் மொழி.
தாடியில்லாதவன் தோல்சுருளில்
அரமேயம் எழுதுகிறான்,
தோற்றவர்கள் பேசிய மொழி.
முன்னால் சிப்பாய்கள்
தலைகளைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்,
புறக்கோட்டையில் தேங்காய் இறக்குவதுபோல.
இருவரும் எண்ணுகிறார்கள்.
இருவர் முகத்திலும் ஒரே அலுப்பு.

அந்த அலுப்பை எனக்குத் தெரியும்.

புதுக்கடையில் எங்கள் கந்தோரில்
உபசேனவின் மேசையும் என் மேசையும்
ஒரே மின்விசிறியின் கீழ்.
அவன் சிங்களத்தில் தட்டியதை
நான் தமிழில் தட்டுவேன்.
அவனுடைய பொலொஸ் கறியில் பாதி எனக்கு.
நான் பிந்தும் நாட்களில்
வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுமுன்
எனக்காக அவனே கையெழுத்திடுவான்.
தமிழ் வாசிக்கத் தெரியாது,
என் கையெழுத்தை மட்டும்
என்னைவிட அழகாகப் போடுவான்.

இந்த மாதம் ஒரு பட்டியல் வந்தது.
எந்தப் பட்டியல் என்று சொல்ல
எனக்கு அனுமதி இல்லை.
அவன் பிரதியில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
என் பிரதியில் முந்நூற்றுப் பதினான்கு.
மூன்று தரம் எண்ணினோம்,
அடிமட்டம் வைத்து, பெயர் பெயராக.
கூரையில் நீதிமன்றக் காகங்கள்
கூட எண்ணின.

கல்லில் நிற்கும் அந்த இருவருக்கும்
ஒருநாள் இப்படி வந்திருக்குமா?
மண்ணில் ஒரு தொகை, தோலில் ஒரு தொகை.
வந்திருந்தால் எதைத் திருத்தியிருப்பார்கள்,
சுருளையா,
குவியலையா?

அசீரிய அரசன் கூச்சமில்லாதவன்.
இடித்தேன் என்கிறான். எரித்தேன் என்கிறான்.
உரித்த தோலை
நகரவாசல் தூணில் விரித்தேன்.
சனங்களை ஆறு தாண்டிக் கொண்டுபோய்க்
குடிவைத்தேன்.
ஒவ்வொரு வினைமுற்றின் வாலிலும்
அவன் உட்கார்ந்திருக்கிறான்,
நான் என்று எழுதாமலே.
பத்தாம் வகுப்பு இலக்கணத்தில்
அதற்குப் பெயர் உண்டு, தோன்றா எழுவாய்.

மெச்சவில்லை அவனை.
திராட்சைப் பந்தலின்கீழ் அரசியோடு குடிக்கையில்
பக்கத்து மரத்தில்
பகையரசனின் தலை தொங்குகிறது,
ஒருவன் யாழ் மீட்டுகிறான்.
அந்தப் பக்கத்தை நான் மீண்டும்
பசைபோட்டு ஒட்டிவிட்டேன்.

ஆனாலும் எனக்கு வரும் தாள்களில்
வாலில் உட்கார ஒருவரும் இல்லை.
அகற்றப்பட்டது. மேற்கொள்ளப்பட்டது.
குடியமர்த்தப்பட்டனர்.
எல்லாம் தானாக நடக்கிறது,
ஆனி மாதம் மழை வருவதுபோல.
பதினெட்டு வருடமாக
இந்தப் 'பட்டது'வைத் தைக்கிறேன்,
கண்ணை மூடிக்கொண்டு பொத்தான் தைப்பவள்போல.

நினிவேயும் ஒருநாள் எரிந்தது.
பகைவர் மூட்டிய தீயில்
களிமண் பலகைகள் வெந்து
செங்கல்லாய் இறுகி, எழுத்தோடு தப்பின.
தோல்சுருள்கள் தப்பவில்லை.
இரண்டாமவனின் கணக்கு
இன்று யாரிடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை மேலிடத்துக் கடிதம் வந்தது,
பிரதிகள் ஒத்துவரவேண்டும் என்று.
யாரும் கையொப்பமிடவில்லை, முத்திரை மட்டும்.
உபசேன அன்று சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.
நான் அழித்தேன்,
இருநூற்று ஆறாவது, இருநூற்று ஏழாவது.
ஒரே முதலெழுத்துள்ள இரண்டு பெண்கள்.
அடிக்குறிப்பில் வழமைபோலத் தட்டினேன்,
இரு பெயர்கள் நீக்கப்பட்டன.

நிமிர்ந்து பார்த்தேன். விசிறி சுற்றியது.
பின்னால் வந்து
ஐந்து எழுத்தைத் தின்றது கர்சர்.
நீக்கினேன், என்று தட்டினேன்.

உபசேன எட்டிப் பார்த்தான்.
என்ன மாற்றினாய் என்று கேட்டான்.
அவன் பேசும் சிங்களத்தில்
வினைக்கு வால் கிடையாது.
ஆளைத் தனியாகத்தான் சொல்லவேண்டும்.

மம, என்றேன்.