வாடை என்று பேர் வைத்தவர்கள்

நாங்கள் வாங்கிய வீட்டின் கராஜில்
பழைய பெயின்ற்றைச் சுரண்டியபோது
அடியில் பென்சில் எழுத்துத் தெரிந்தது:
நான்கு பெயர்கள், பாட்டு வரிசை,
ஓரமாக ஒரு கணக்கு.
அம்பிளிபயர் தவணை, இன்னும் பதினேழு பவுண்.

எதிர்வீட்டு பெரில் ஒட்டவேயைக் கேட்டேன்.
"அதுகளோ? மூன்று தரம் பொலிஸுக்கு அடிச்சனான்."

எலிசபெத் நகரம், தெற்கு அவுஸ்திரேலியா.
பெரியவருக்குப் பத்துப் பவுண், பிள்ளைகளுக்கு இலவசம் என்று
ஓல்டாமின் பஞ்சாலைப் புகையிலிருந்து
கப்பலேறி வந்தவர்களின் ஊர்.
அப்பாமார் கார்த் தொழிற்சாலையில்.
பிள்ளைகளும் பகலில் அங்கேதான்,
வருகிற ஒவ்வொரு காருக்கும் இடப்பக்கக் கதவு.
இரவில் இந்தக் கராஜின் கதவைச் சாத்திக்கொண்டு
விட்டு வந்த ஊரை வாசித்தார்கள்.

குழுவுக்குப் பேர் 'தி நோர்த்விண்ட்ஸ்'.
கொடியில் காயும் சட்டையைப்
பலகையாக விறைக்கவைக்கிற காற்றை
நினைத்து வைத்திருப்பார்கள்.
எங்களிடம் அதற்கு வாடை என்று ஒரு சொல் இருக்கிறது.
பிரிந்தவர்களைக் கண்டால் கொஞ்சம் கூடவே குளிரும்.

ஆனால் இங்கே வடக்கென்றால் பாலைவனம்.
ஜனவரியில் அந்தத் திசையிலிருந்து வருவது
போறணையின் மூச்சு.
முதல் கச்சேரி அன்று நூற்றுப்பத்துப் பாகை.
கம்பளிக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்ற
நெவில் பில்லிங்
மூன்றாம் பாட்டில் மயங்கி விழுந்தான்.
புது நடனமாக்கும் என்று
கூட்டமும் கூடவே விழுந்தது.

அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் விழச் சொன்னார்கள்.
கோலரில் விழுந்தான்,
போர்ட் பிரீயில் இரண்டு தரம் விழுந்தான்,
வயல்லாவில் விழுந்ததில் ஒரு பல் போயிற்று.

ஒரேயொரு இசைத்தட்டு, இருநூற்றைம்பது பிரதி.
மனேஜர், பகலில் வக்கியூம் கிளீனர் விற்பவர்,
'பிரித்தானியாவிலிருந்து நேரே' என்று உறையில் அடித்தார்.
முழுப்பொய் இல்லை.
கப்பல் ஏடனில் நின்றது, கொழும்பில் ஒரு பகல் நின்றது.
என் அப்பா அன்று துறைமுகத்தில்
தேயிலைப் பெட்டி எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம்.
மேல்தட்டில் நாலு பொடியன்கள்
கைப்பிடிக் கம்பியில் தாளம் போட்டிருக்கலாம்.
இதற்கெல்லாம் சாட்சி இல்லை.

பிறகு மெல்பேர்னில் ஒரு பீப்பாயைச் சுழற்றினார்கள்.
உள்ளே பிறந்தநாள் எழுதிய போளைகள்,
முற்றத்தில் குழி தோண்டி நாங்கள் உருட்டுகிற அளவு.
நவம்பர் ஒன்பது வந்தது.
டிரம்ஸ் அடிக்கிற டெரிக் ஸ்கோல்ஸுக்கு இருபது வயது.
வந்து குடியேறிய பிள்ளைக்கும்
வியட்நாமுக்கு வழி உண்டு.

மற்ற மூவர் ஒரு கிழமை
டிரம்ஸ் இல்லாமல் பழகிப் பார்த்தார்களாம்.
"பாவமாக் கிடந்தது" என்றார் பெரில்,
"தாளம் இல்லாட்டி அவங்கள் எவ்வளவு மோசமெண்டு
அப்பதான் தெரிஞ்சது."

பதினொரு மாதம். அவ்வளவுதான்.

பொலிஸுக்குக் காட்டவென்று பெரில் எழுதிய கொப்பி இருக்கிறது.
7.40 தொடங்கினாங்கள். 9.15 ஓய்ந்தாங்கள்.
குழந்தை இரண்டு தரம் எழும்பினது.
சனி, நாலு மணித்தியாலம், அதே பாட்டு.
கடைசிப் பக்கங்களில் 7.40 மட்டும் இருக்கிறது.
7.40.
7.40.
எதிரில் ஒன்றும் இல்லை.

டெரிக் திரும்பி வந்தான், வலது காது கேளாமல்.
கதவு பொருத்தும் வேலைக்கே மறுபடி போனான்.
நெவில் பல் கட்டிக்கொண்டு பேர்த்துக்குப் போனதாகக் கேள்வி.
மற்ற இருவரைப் பற்றி பெரிலுக்குக் கோபம் மட்டும் ஞாபகம்.
இசைத்தட்டு ஒன்று அவரிடம் உண்டு;
அதன் மேல் பூச்சாடி நிற்கிறது.
வட்டமாகத் தண்ணீர்க் கறை. கேட்க முடியாது.

பதினேழு பவுணை யார் கட்டினார்கள் என்று கேட்டேன்.
வெயில் ஏறுது, உள்ளே போ என்றார்.

இன்று வடக்கிலிருந்து காற்று.
வாடை என்று வாய்வரை வந்த சொல் சுடுகிறது.
கராஜின் தகரக் கதவு
ஒழுங்கில்லாமல் அடித்துக்கொண்டிருக்கிறது.
எதிர்வீட்டில் ஒரு திரை விலகுகிறது.
மணியைப் பார்க்கிறேன்,
எட்டாகப் போகிறது.