ஒரு சாண்

மைனஸ் பதினெட்டில் மணி அடிக்காது.
நாக்கு உறைந்த பித்தளைக் கிண்ணம்.
கட்டைவிரலால் தட்டினால்
கடலை உடைகிற மாதிரி ஒரு 'டொக்',
அவ்வளவுதான்.

ஆகவே பேச வேண்டியிருக்கிறது.

மொன்றியாலில் காலை ஐந்தரை, லஷீன் கால்வாயோரம்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இரவெல்லாம் போர்வை மடித்த கைகள்
இரட்டைக் கையுறைக்குள் இன்னும் மடித்துக்கொண்டிருக்க
வீட்டுக்கு மிதிக்கிறேன்.
முன்னால் ஒரு முதுகு தெரிந்ததும்
தொலைவிலேயே தொண்டையைச் செருமி
"இடப்பக்கமா வர்றேன்" என்பேன்.
என் குரல் எனக்கு முன்னே போய்
வெள்ளையாய் ஒரு கணம் நிற்கும்.

காதை இசையால் அடைத்தவனுக்கு அதுவும் கேட்காது.
அவன் பின்னால் நடை வேகத்தில் உருளுவேன்,
அவனாகத் திரும்பும் வரை.
சறுக்குவண்டியில் பிள்ளையை இழுத்துப் போகிறவள்
எந்தப் பக்கம் ஒதுங்குவாள் என்பது
அவளுக்கே தெரியாது.
நீளும் கயிற்றில் கட்டிய நாய் என்றால்
பாதை மொத்தமும் நாயுடையது.

பிறக்கும்போதே இவ்வளவு பொறுமைசாலி இல்லை நான்.

போன நவம்பர், முதல் பனி விழுந்த அன்று
பாலத்தடியில் ஒனெஸீம் கரோனைக் கடந்தேன்.
அப்போது அவர் பெயர் தெரியாது,
கம்பளிக் குல்லாவும் ஒரு நாயும்தான் தெரியும்.
உரசவில்லை.
நடுவே ஒரு சாண் இருந்தது, சத்தியமாய் ஒரு சாண்.
எனக்கு அது தாராளம்.
அவருக்கோ, எங்கிருந்தோ வந்து
காதை அறைந்த காற்று.
திடுக்கிட்டார், கால் வழுக்கியது, உட்கார்ந்தார்.
விழவில்லை, உட்கார்ந்தார் என்றுதான்
பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடித்தது நாய்.
நான் தேடுகிற பாவனையில் குனிந்தே இருந்தேன்.
அவர் கேட்டது ஒன்றே ஒன்று:
"வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா,
இவ்வளவு அவசரமாப் போறீங்க?"
இல்லை.
வீட்டில் யாருமே இல்லை.
பட்டாணி சூப் இருந்தது.

அதே ஒரு சாணைத்தான்
நோத்ர்தாம் தெருவில் லாரிகள் எனக்கு விட்டுப் போகின்றன.
எண்சாண் உடம்புக்கு ஒரு சாண் தர்மம்!
அப்போது என் வாயில் வரும் சொற்களை
இங்கே எழுத முடியாது.
எழுதினால் பாதி எனக்கும் சேரும்.

இப்போதெல்லாம் ஆளில்லாத சந்திப்பிலும்
சிவப்புக்கு நிற்கிறேன்.
கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது.
பனிவாரும் வண்டிக்காரன் மேலிருந்து பார்க்கிறான்.
அவன் கண்ணாடியில் அவன் கண் எனக்குத் தெரியாதவரை
அவனுக்கு நான் இல்லை.
தடித்த கையுறையில் எது விரல் என்று யாருக்குத் தெரியும்?
திரும்ப வேண்டுமானால்
தோளிலிருந்தே முழுக் கையையும் நீட்டுகிறேன்,
துணி உலர்த்துகிறவள் போல.

பின் பிரேக் கிரீச்சிடுகிறது.
"ரெண்டு நிமிஷ வேலை, காசுகூட வேண்டாம்.
தெருவே பல்லைக் கடிக்குது" என்கிறான்
கடைக்கார வில்ஃப்ரான்.
"செயினை மட்டும் பார். அதைத் தொடாதே" என்கிறேன்.
அது நன்றாகப் பிடிக்கிறது, கத்துகிறது, அவ்வளவுதானே.
என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.

நாற்பதடி தூரத்தில் லேசாக அழுத்துவேன்.
கிரீச்.
கரோன் திரும்பிப் பார்ப்பதில்லை.
வலப்பக்கம் ஓர் அடி நகர்ந்து
நாய்க்கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி
கைத்தடியைச் சற்றே உயர்த்துவார்.
வணக்கமா, போ என்பதா, கேட்டதில்லை.
மூன்று சாண் தள்ளிப் போகிறேன்.

ஏப்ரலில் மணிக்கு நாக்குத் திரும்பியது.
முதல் நாள் ஆசையாய் அடித்தேன்,
கணீரென்று, கால்வாய் முழுக்கக் கேட்க.
நாய்கூடக் காதை அசைக்கவில்லை.
வேறு யாரோ வருவதாக நினைத்து
பாதை நடுவிலேயே நடந்துகொண்டிருந்தார் கரோன்.

பிரேக்கைத் தொட்டேன்.
ஒதுங்கினார்.