ஏழு மணி நேரம்

இவாலோவில் டிசம்பர் வந்துவிட்டால்
பகலுக்கும் இரவுக்கும் நடுவில் வரப்பில்லை.
நண்பகலில் தெற்கே கொஞ்சம் நீலம் கசியும்,
அதையும் மேகம் துடைத்துவிடும்.
நாளெல்லாம் இருட்டு.
எனக்கோ பொட்டுத் தூக்கமில்லை.

நீரிழிவுத் தாதி சிர்க்கு தந்த நோட்டில்
இரண்டு கட்டங்கள்:
சர்க்கரை ஒன்று, தூக்கம் ஒன்று.
சர்க்கரைக்கு விரல்நுனி சாட்சி சொல்லும்,
அங்கே பொய் செல்லாது.
தூக்கத்துக்கு யார் சாட்சி?
ஏழு மணி நேரம் என்று எழுதினேன்.
மறுநாளும் ஏழு.
ஒரு மாதத்தில்
பேனா தானாகவே ஏழு போடப் பழகிவிட்டது.

நடந்தது இப்படி.
பதினொன்றுக்குப் படுப்பேன்,
பன்னிரண்டரைக்குக் கழிப்பறை,
இரண்டுக்கு மறுபடி.
நாக்கு அட்டையாய்க் காய்ந்து ஒரு குவளைத் தண்ணீர்,
குடித்த தண்ணீருக்காக இன்னொரு நடை.
திரும்பி வரும்போது
ஹில்க்கா சுவர்ப்பக்கம் புரண்டுகொள்வாள்.
தூங்குகிறவள் அவ்வளவு கவனமாகப் புரள மாட்டாள்,
அது எனக்குத் தெரியும்.
தெரியாதவன்போல் போர்வையை இழுத்துக்கொள்வேன்.

நான்கு மணிக்குப் பனி தள்ளும் வண்டி.
பள்ளிப் பேருந்து வருவதற்குள்
ஆற்றோரச் சாலை திறந்திருக்க வேண்டும்.
பிளாஸ்க் நிறையக் காப்பி,
மதியம் இன்னொரு பிளாஸ்க்,
சாயங்காலம் சும்மா இருக்கும் கைக்கு ஒரு கோப்பை.
அது போதாதென்று இலவங்கப்பட்டை பன்,
அதை மட்டும் நோட்டில் எழுதுவதில்லை.

கால் விஷயம் வேறு.
போன குளிர்காலத்தில் ஒரு திருகாணி
என் பூட்ஸுக்குள் எட்டு மணி நேரம் ஊர் சுற்றியது.
கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சாயங்காலம் சௌனாவில்
மரப்பலகையில் சிவப்பாய் ஒரு தடம் பார்த்து
யாருடையது என்று கேட்டேன்.

ஜனவரி எட்டு.
வளைவுக்கு முன்னால் ஒரு கண்ணிமைப்பு,
அவ்வளவுதான் என்று இன்றும் சொல்வேன்.
கண் திறந்தபோது
வண்டியின் அலகில் ஆறு தபால்பெட்டிகள்,
கம்பத்தோடு, பெயர்ப்பலகைகளோடு.
ஆறு வீட்டுக் கடிதங்களும் பனியில் கிடந்தன.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பொறுக்கினேன்.
மின்கட்டணம், திருமண அழைப்பு,
யாரோ ஒருவருக்கு மருத்துவமனை நீலக்கவர்.
பேருந்து வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.
நல்லவேளை என்ற சொல்லை
அன்றுதான் முழுதாக உச்சரித்தேன்.

நோட்டில் மூன்று என்று எழுதினேன்.
கை கொஞ்சம் நடுங்கியது,
சர்க்கரையினாலும் இருக்கலாம்.

சிர்க்கு திட்டவில்லை.
பழைய ஏழுகளை விரலால் தடவிப் பார்த்து
"குறட்டை உண்டா?" என்றாள்.
இல்லை என்று வாயெடுத்தேன்.
ஹில்க்கா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னாள்:
"குறட்டை பரவாயில்லை.
நின்றுபோகிறதே, அதுதான்.
ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன்.
இருபதைத் தாண்டினால் தோளில் இடிப்பேன்.
ஒரு நாள் முப்பத்தொன்று வரை போனது."

நான்கு வருடம்.
என் தூக்கத்துக்குச் சாட்சி
சுவரைப் பார்த்துப் படுத்திருந்திருக்கிறாள்.

மூச்சைச் சோதிக்க ரோவனியெமிக்குத் தேதி கிடைத்திருக்கிறது,
மார்ச் கடைசியில்.
அதுவரை செய்ய முடிந்ததைச் செய்கிறோம்.
இரண்டு மணிக்கு மேல் காப்பி இல்லை.
(முதல் வாரம் தலைவலி, அடுத்த வாரம் கோபம்.)
காலையில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி
உள்ளே கைவிட்டுத் துழாவுகிறேன்.
இரவில் அவள் கண்ணாடி பிடிக்கிறாள்,
என் உள்ளங்காலை நானே வேற்றூர் வரைபடம்போல் படிக்கிறேன்.
ஆறு பெட்டிகளையும் புதுக்கம்பத்தில் மாட்டிவிட்டேன்,
ஒன்று சற்றுச் சாய்ந்தே நிற்கிறது.
விடியற்காலைச் சாலை
என் கூட்டாளியிடம் இருக்கிறது, இப்போதைக்கு.

தூக்கக் கட்டத்தை இப்போது ஹில்க்காதான் நிரப்புகிறாள்.
நேற்று: நாலரை, இரண்டு முறை இடித்தேன்.
பக்கத்தில் அளவுகோல் இல்லாமல்
கோணலாக ஒரு கோடு இழுத்து
மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறாள்.
மேலே அவள் பெயர்.
கீழே: ஐந்து.

அந்த ஐந்தை நம்பலாமா என்று
அவளிடம் இன்னும் கேட்கவில்லை.