பயண நேரம் என்ற கட்டம்

ரீகாவில் ஏழு மணிக்குக் கிளம்பினால்
கோபன்ஹேகனில் ஏழு நாற்பதுக்கு இறங்கலாம்.
எழுநூறு கிலோமீட்டர் சொச்சம்
நாற்பதே நிமிஷம் என்று
பயணச்சீட்டு கூசாமல் சத்தியம் செய்யும்.

நடுக்கடலில் எங்கேயோ
கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் தள்ளுபடி.
என் கால்களுக்கிடையில் இருக்கும் நீலப் பெட்டிக்கு
அந்தத் தள்ளுபடி இல்லை.
உள்ளே யாரோ ஒருவரின் எலும்பு மஜ்ஜை
நான்கு டிகிரிக் குளிரில்.
எடுத்த நொடியிலிருந்து எழுபத்திரண்டு மணி,
அவ்வளவுதான் அதன் காலண்டர்.

கொடுத்தவர் பெயரைச் சொல்லமாட்டார்கள்.
வாங்குபவர் பெயரையும்.
ஒட்டிய காகிதத்தில் இரண்டு எண்கள், பக்கத்தில்
பொறுப்பாளர்: விஸ்மா கால்னின்யா, அது நான்.
இருபத்தாறு வருஷம் டிராம் ஓட்டியவள்.
ஏறியது யார், இறங்கியது யார் என்று
அப்போதும் கேட்டதில்லை.

தூங்கக் கூடாது. குடிக்கக் கூடாது.
பெட்டி எக்ஸ்ரேக்குள் போகவே கூடாது.
கடிதத்தை இரண்டு முறை படித்த காவலர்
தொப்பியைக் கழற்றிவிட்டார்,
பிறகு ஏன் கழற்றினோம் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சால்ட்ஹோல்ம் தீவின் மேல் மூடுபனி.
வட்டமடித்தோம்.
ஒன்று, இரண்டு, ஐந்துக்கு மேல் எண்ணவில்லை.
ஓடுதளம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது,
கூப்பிடத்தான் தொண்டை இல்லை.
தண்டவாளத்தில் ஓடும் வண்டி
இப்படி ஒருநாளும் தயங்காது.

'உங்களுக்கும் மீட்டிங் போச்சா?' என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.
'எனக்கில்லை' என்று சொல்லிப் பெட்டியைக் காலால் தொட்டுக்கொண்டேன்.

கடைசியில் மால்மோவில் இறக்கினார்கள்.
வேறு தேசம்.
டாக்ஸிக்காரர் நெஜாத் பெட்டியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.
பாலத்தின் மேல் கடலும் தெரியவில்லை வானமும் தெரியவில்லை,
வேகமானியை நான் பார்க்கவில்லை,
அவரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

மருத்துவமனையில் ரக்னில்ட் என்ற தாதி
வெப்பமானியைப் படித்தாள்: நான்கு புள்ளி ஒன்று.
கையெழுத்து. இன்னொரு கையெழுத்து.
படிவத்தின் அடியில் ஒரு கட்டம்,
பயண நேரம்.
என் கைக்கடிகாரம் ரீகாவில் ஓடிக்கொண்டிருந்தது,
சுவர்க்கடிகாரம் இங்கே.
நான் விரல்விட்டுக் கழித்துக்கொண்டிருக்கையிலேயே
உள்ளிருந்ததை எடுத்துக்கொண்டு அவள்
கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.
இருபது அடி இருக்குமா அங்கிருந்து கட்டிலுக்கு?
முப்பதா?
அந்தத் தூரம் மட்டும் எந்தப் படிவத்திலும் இல்லை.

மறுநாள் காலிப் பெட்டி
எக்ஸ்ரேக்குள் உருண்டு போனது.
'ஒன்றுமில்லை' என்றான் பையன்.
'ஆமாம்' என்றேன்.

திரும்பும்போது அதே எழுநூறு சொச்சத்துக்கு
கடிகாரப்படி இரண்டு மணி நாற்பது நிமிஷம்.
சக்கரம் தரையை விடுவதற்கு முன்பே
தூங்கிப்போயிருந்தேன்.