வளர்ச்சி இல்லை

கம்பம்மெட்டு ஜீப்பில்
டிரைவரின் சட்டைப் பையில் வந்தது
ஒரு பஞ்சுக்குச்சி.
மூடி சரியாகப் பொருந்தாத குழாய்.
ஒட்டியிருந்த தாளில் மை கசிந்து
ஒச்சம்மா, 41, வலது பாதம்.

ஏலக்காய் எடுக்கப் போன இடத்தில்
மூங்கில் குச்சி ஏறியதாம்.
மேலே தோல் மூடிக்கொண்டது.
உள்ளே என்ன நடக்கிறதென்று
யாருக்கும் தெரியாது.

மூடியைத் திறந்தேன்.
முகரக் கூடாது என்பது விதி.
நாற்றத்துக்கு விதி தெரியவில்லை.

இரண்டு நாள் முப்பத்தேழு டிகிரியில் வைத்தும்
ரத்த அகார் தட்டு
மெழுகிய தரையாகக் கிடந்தது.
"வளர்ச்சி இல்லைன்னு எழுதிடுங்க ஷர்புன்னிசா"
என்றார் டாக்டர்.
எழுதவில்லை.
செத்த வாசமில்லை அது,
யாரோ குடியிருக்கும் வாசம்.

அலமாரியில்
ஊடகம் சரியா என்று பார்க்க
நான் வளர்த்து வைத்த குழாய்கள் சில உண்டு.
எல்லாவற்றிலும் உச்சியில் ஒரு விரற்கடை ரோஜா நிறம்.
அவ்வளவுதான் காற்று இறங்கிய ஆழம்.
ஒன்றில் அந்த ரோஜாவுக்குள்ளேயே
முட்டி மோதிக்கொண்டு கூட்டம்,
மூச்சு முட்டினால் தாங்காதவை.
ஒன்றில் ரோஜாவுக்குச் சற்றுக் கீழே
மெல்லிய கோடு:
கொஞ்சம் போதும், கூடினால் ஆகாது.
இன்னொன்று மேலிருந்து கீழ்வரை கலங்கல்.
காற்றிருந்தால் அதில் சமைக்கும்,
இல்லாவிட்டால் இல்லாமலே சமைக்கும்,
மேலே மலையாளத்தில் கூலி பேசி
கீழே தமிழில் கடன் சொல்லும்
இந்த ஜீப்காரனைப் போல.

கடைசிக் குழாயில் மேலே தெளிந்த நீர்.
அடியில் மட்டும் திட்டாய்
நம் மூச்சை ஆலகாலமாகக் கொண்ட குடி.

ஒச்சம்மாவின் பாதத்தில் இருந்தது அதுதான்.
கொண்டையூசி வளைவுகள் முடிவதற்குள்
பஞ்சின் இழை இழையாகப் புகுந்து
கொன்றிருக்கிறது காற்று.
நல்ல காற்று.
சனி ஞாயிறில் கார் பிடித்து வந்து
காசு கொடுத்து இழுக்கிற காற்று.

"மெழுகுத்திரி ஜாடியில வச்சுப் பார்க்கலாமே?"
திரி அணைந்தால் காற்று தீர்ந்துபோனதென்று இல்லை, டாக்டர்.
சுடரால் அதற்குமேல் எடுக்க முடியவில்லை.
உள்ளே மிச்சம் நிறைய இருக்கும்.
சொல்லும்போதே என் வீடு நினைவுக்கு வந்தது.
வேண்டாம், அது வேறு கதை.

குச்சி வேண்டாம், ஆளே வரட்டும் என்றேன்.
அந்தியில் வந்தாள்,
பின்சீட்டில் காலை நீட்டியபடி.
"ரெண்டு நாக் கூலி போச்சு" என்றாள்,
பாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
ஊசியில் உறிஞ்சி
ஒட்டியிருந்த குமிழையும் வெளியே தள்ளி,
கொதிக்கவைத்துக் காற்றை விரட்டி
ஆட்டாமல் ஆறவைத்த இறைச்சிச் சாற்றின்
அடிவரை இறக்கினேன்.
மேலே பாரஃபின் போர்வை.
தூங்கு.

டாக்டர் புண்ணைக் கீறி
அழுகியதை வழித்தெடுத்துத் தைக்காமல் விட்டார்.
"காத்துப் பட்டா சீக்காயிராதா சார்?"
"காத்துப் படத்தான் தெறந்தேன்."
அவள் என்னைப் பார்த்தாள்,
இவருக்குப் பைத்தியமா என்று கேட்பதுபோல.

மூன்றாம் நாள் காலை
துணுக்குகள் கறுத்து
போர்வைக்கு அடியில் குமிழ்கள்.
படிவத்தில் 'இல்லை'யை அடித்தேன்.
நாற்றம் போகட்டுமென்று ஜன்னலைத் திறந்தேன்.
மலையிலிருந்து இறங்கி வந்தது காற்று,
தட்டில் மூடாமல் விட்ட
ஊசி முனையில் இருந்த ஊரை
வீடுவீடாக அணைத்துக்கொண்டு.