மூலம்

படிவத்தில் ஏழாவது கட்டம்: 'தொற்று மூலம்'.
இரண்டு அங்குல அகலம்.
நாளை பத்து மணிக்குள்
ஒட்டுசுட்டானுக்குப் போய்ச் சேரவேண்டும்.

பனிச்சையடிக்குளத்தில் பதினொரு பேருக்கு.
நான் இந்தப் பிரிவின் கிராம அலுவலர்.
காய்ச்சல் அளப்பது பி.எச்.ஐ. தம்பியின் வேலை.
எனக்குப் பெயர், அடையாள அட்டை இலக்கம்,
மூலம்.

விசாரிக்கப் போனேன்.
கேட்க முன்னமே படலைக்குப் படலை சொன்னார்கள்.
"லோஜிதாதான். கார்மெண்ட்ஸால வந்தவள்.
வந்த அண்டைக்கே குளத்தில முழுகினவள்."
"பெண் மூலம் நிர்மூலம் எண்டு
சும்மாவே சொன்னவை?" என்றார்
பால் சேகரிக்கும் அரியகுட்டி.
அவள் பூரட்டாதி என்று
தாய் யன்னலுக்குள் நின்று சொன்னாள்,
அதுதான் இப்போது முக்கியம் என்பதுபோல.

கோயில் தலைவர் அரசாங்கத்தைச் சொன்னார்.
இருபத்தைந்து பேரோடு பொங்கச் சொன்னால்
அம்மாள் பொறுப்பாவோ?
முந்தி வருத்தம் வந்தால் வேப்பிலை சொருகுவோம்,
ஆர் கொண்டுவந்தது எண்டு கேட்கிறேல்லை.
வேப்பிலை சொருகின வீட்டுக்கு
ஆர் தண்ணி அள்ளிக் குடுத்தது என்று
நானும் கேட்கவில்லை.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தி,
"முள்ளியவளையால புடவை கொண்டாறவர்...
அவையின்ர ஆக்கள்தானே" என்றார்.
மார்ச்சிலும் இதையே சொன்னார்.
மார்ச்சில் நான் தலையாட்டினேன்.
புடவைக்காரர் அபூசாலியின் தம்பி
வவுனியாவில் இன்னும் குளிர்ப்பெட்டிக்குள்.
மண் கேட்ட வீட்டுக்கு
நெருப்பு என்று சுற்றறிக்கை.
அவர் கையெழுத்துப் போடவில்லை.
அந்தப் படிவமும் என் மேசையில்தான்.

லோஜிதாவை ஏற்றிப்போக ஆமியின் பஸ் வந்தது.
வேலியோரம் நின்றவர்கள்
முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிறகு அவள் போன் எடுத்தாள்.
"மூண்டு நாள் காய்ச்சலோட தைச்சனான், அக்கா.
ஆரோ வெள்ளைக்காரப் பிள்ளையளின்ர நத்தார் உடுப்பு.
லீவு கேட்டா வரவுக்காசு வெட்டுவினம்.
பனடோல் தந்திட்டு, இருந்து தை எண்டவை.
என்னை என்ன எண்டு எழுதப்போறியள்?"
சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.
சிக்னல் இருந்தது.

ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்த கிழமை
இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
ஒரே பேனை.
மூடியைப் பல்லால் கழற்றுவது என் பழக்கம்.
அந்த வெள்ளிக்கிழமை தொண்டை கரகரத்தது.
கொத்தமல்லி அவித்துக் குடித்தேன்.
சனி, ஞாயிறு மிச்சத்தைக் கொடுத்து முடித்தேன்.
லோஜிதா வந்தது அதற்கு அடுத்த புதன்.

ஒருவரும் கேட்கவில்லை.
கட்டம் நிரப்புகிறவளுக்கு
கட்டம் இல்லை.

இந்த ஊருக்கு நான் வேறு படிவங்களும் நிரப்பியிருக்கிறேன்.
இரட்டைவாய்க்கால் பக்கம் கடைசியாகக் கண்டது,
அணிந்திருந்த சட்டையின் நிறம்,
முறைப்பாட்டு இலக்கம்.
பதினொரு வருசத்தில் ஒன்றிலும்
'யாரால்' என்றொரு கட்டத்தைக் கண்டதில்லை.
ஒரு கிருமிக்கு மட்டும்
ஒரு நாள் தவணை.

மூன்று தரம் அழைப்பு.
"மூலம் விடுபட்டிருக்கு மிஸ்,
வெறுமையா விட்டா கொம்பியூட்டர் எடுக்காது."

கம்பனியின் பெயரை எழுதிப் பார்த்தேன்:
பிரைவேட் லிமிட்டெட்டுக்கு இடம் காணாது.
அமைச்சின் பெயர் அதைவிட நீளம்,
போன மாதம்தான் மாற்றியும் இருந்தார்கள்.
என் பெயரின் முதலெழுத்தை எழுதி
திருத்த மையால் அழித்தேன். அது காயும்வரை
வெளியே மழை பார்த்தேன்.
விதைப்புக்குப் போன உழவு இயந்திரம் ஒன்று
சேற்றில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

லோஜிதா.
மூன்றெழுத்து. கட்டத்துக்குள் அடங்கியது.
என் கையெழுத்து வடிவானது என்று
செயலகத்தில் எல்லோரும் சொல்வார்கள்.